கசக்காத பீர்

சதீஷ் பெங்களூரு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பையை மார்போடு அணைத்திருந்தான். உள்ளே ஐஸ் போட்ட டப்பாவில் மூன்று கண்ணாடி பாட்டில்கள். அவன் அங்கே ஒரு பப்பில் பீர் காய்ச்சும் வேலையில் இருந்தான். சொந்த ஊர் ஆரணியில் எல்லாரிடமும் சொல்லியிருந்தது ‘ஓட்டல் வேலை’. உண்மை தெரிந்தவள் அவன் பொண்டாட்டி சுபலட்சுமி மட்டும்தான்.

அவளுடைய மாமியார் லீலா சேத்துப்பட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு சதீஷ் ஒரு பாட்டிலைத் திறந்தான். டம்ளரில் விழுந்தது மஞ்சளாய், கலங்கலாய் இருந்தது.

“கெட்டுப்போச்சாங்க?”

“இதோட லட்சணமே இந்தக் கலங்கல்தான். ஹாப்ஸுன்னு ஒரு பூ. கொதிக்கறப்ப போட்டா கசக்கும். ஆறினப்புறம் போட்டா வாசனை மட்டும் ஏறும். இதுல ஆறினப்புறம்தான் அள்ளி அள்ளிக் கொட்டினோம்.”

சுபலட்சுமி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். பழுத்த கொய்யா, உரித்த ஆரஞ்சுத் தோல். வேப்பங்கொழுந்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு வாய் குடித்தாள். கசப்பைக் காணோம். நாக்கில் கொழகொழவென்று மெத்தென இறங்கியது. அரை டம்ளர் போனதே தெரியவில்லை. தலை லேசானபோதுதான் பயம் வந்தது. பிடித்துப்போய்விட்டதே என்கிற பயம்.

“மீதி ரெண்டும் பிரிட்ஜ்லயே இருக்கட்டும்,” என்றான் சதீஷ். “நொதிச்சு முழுசா அடங்கறதுக்குள்ள தொட்டியிலருந்து புடிச்சினு வந்துட்டேன். உள்ள ஈஸ்ட் உயிரோட கீது. வெளிய வெச்சா பொங்கிடும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவன் பெங்களூருக்குத் திரும்பின மறுநாள் லீலா வந்துவிட்டாள். வந்ததும் பிரிட்ஜைத் துடைக்கிறவள் அவள். சுபலட்சுமி அவசரத்தில் பாட்டில்களைத் தறி அறையின் மர அலமாரிக்குள், நூல் கண்டுகளுக்குப் பின்னால் செருகினாள். மதியம் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் கல்யாணப் புடவை ஒன்று அவசரமாய் முடியவேண்டியிருந்தது. லீலா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை; ராத்திரியும் அங்கேயே பாய் போட்டுப் படுத்தாள். மேலே சிமெண்ட் ஷீட்டு, வெளியே சித்திரை வெயில். இரண்டு நாளாய் அந்த அறை அடுப்பாய்க் காய்ந்தது.

மூன்றாம் நாள் தறிச் சத்தம் நின்ற ஒரு இடைவெளியில் அலமாரியிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று கேட்டது.

“இன்னாடி சத்தம்?”

“எலியா இருக்கும், அத்தை.”

சொல்லிவிட்டு கொல்லைக்கு ஓடி சதீஷுக்குப் போன் அடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரலே மாறிவிட்டது.

“வெயில்லயா வெச்ச? குண்டு மாதிரி வெடிக்கும் சுபா! கிட்ட போவாத, அம்மாவையும் ஜல்தியா வெளிய கூட்டினு போ!”

அவள் உள்ளே ஓடிவந்தபோது லீலா துடைப்பக்கட்டையோடு அலமாரி முன்னால் நின்றிருந்தாள். எலி என்றால் பட்டு நூலை அறுத்துவிடுமே.

“அத்தை, தொறக்காதீங்க!”

“ஏன்?”

லீலாவின் இடக்கை கைப்பிடி மேலேயே இருந்தது. சுபலட்சுமி இன்னொரு பொய் தேடினாள், கிடைக்கவில்லை.

“உள்ள பீர் பாட்டில் கீது அத்தை. வெடிக்கும். வந்துடுங்க.”

லீலா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை முடியவில்லை. உள்ளே ஒரு பாட்டில் வெடித்து, அலமாரிக் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. முதல் வெடியின் அதிர்ச்சியில் அடுத்த பாட்டிலும் போனது. சுபலட்சுமி முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது அறை முழுக்கக் கொய்யா வாசனை. லீலா தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்து, ரத்தம் தறியிலிருந்த கல்யாணப் புடவையின் பாவு நூலில் சொட்டியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸ் எப்படி ஆனது என்று கேட்டாள். சுபலட்சுமி வாயைத் திறக்குமுன் லீலா, “சோடா பாட்டிலும்மா,” என்றாள்.

ஆட்டோவில் வரும்போது லீலா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நீயும் குடிச்சியா?”

“குடிச்சேன், அத்தை.”

“அவன் பாக்கறது இந்த வேலைதானா?”

சுபலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். மடியில் போன் அதிர்ந்தது. சதீஷ்.

லீலா கட்டுப் போடாத கையை நீட்டினாள்.

“குடு. அவன்கிட்ட நானே கேட்டுக்கறேன். நீ எதுவும் பேசாத.”

சுபலட்சுமி கொடுத்தாள்.