எங்கள் வீட்டில் ஆறு

காலை பத்து மணிக்குக் கேள்வி வந்ததும் ஜெசிந்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய ஆங்கில ஹிட் பாட்டுகளைப் பற்றி தினம் ஒரு புதிர் போடும் இணையப்பக்கம் அது. எந்த ரெக்கார்டின் பின்பக்கத்தில் என்ன பாட்டு, எந்தக் குழுவில் டிரம்ஸ் அடித்தவன் பாதியில் ஓடிப்போனான் என்று உலகத்துக்குத் துளியும் பயன்படாத சங்கதிகள். பரிசு கிடையாது. ஆனாலும் நூற்று நாற்பத்து மூன்று நாளாக ஒரு தப்பும் இல்லாமல் பதில் சொல்லி வருகிறாள். சரக்குக் கப்பல்களுக்குக் கஸ்டம்ஸ் தாள் தயாரிக்கும் அலுவலகத்தில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது?

இன்றைய கேள்வி, பாட்டின் முடிவில் பாடகன் அந்தப் பெண்ணின் பெயரை எத்தனை தடவை கூப்பிடுகிறான் என்பது. பாட்டு எது என்று பார்த்ததுமே ஆறு என்று விரல் போய்விட்டது. தொட்டில் பழக்கம் மாதிரி மனப்பாடமான பாட்டு. அனுப்பும் முன் மற்றவர்கள் பதிலை ஒரு பார்வை பார்த்தாள். எட்டு, எட்டு, எட்டு. முப்பத்தேழு பேர் எட்டு. ஒரே ஒருவர் மட்டும் ஆறு. ரஸ்டிபோல்ட் என்ற புனைபெயர். அவரைக் கேலி செய்து கீழே நாலைந்து பேர் காது டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார்கள்.

இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் அந்தப் பாட்டைக் கேட்டாள். எட்டுதான். மறுபடி கேட்டாள். எட்டேதான். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவர்கள் வீட்டு ரெக்கார்டில் ஒரு கீறல் உண்டு. ஐந்தாவது தடவை கூப்பிட்டதும் ஊசி எம்பி இரண்டைத் தாண்டிப்போய் விழும். அந்தப் பாட்டில் ஆறு என்று எண்ணி வளர்ந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி அவள். இன்னொருவன் அவள் அண்ணன் டெரன்ஸ்.

டெரன்ஸ் வீட்டை விட்டுப்போய் இருபத்தோரு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையூரணி கிராமத்து இந்துப் பெண் பேச்சிச்செல்வியைப் பதிவுத் திருமணம் செய்யப்போகிறான் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னவள் ஜெசிந்தாதான். நல்லதுக்கென்று நினைத்துத்தான் சொன்னாள். அப்பா ரோச் ஆள் திரட்டிக்கொண்டு போய்ப் பதிவு அலுவலக வாசலில் ஊர் சிரிக்கச் செய்துவிட்டார். அன்று போனவன்தான். மும்பையில் இருக்கிறான் என்றார்கள், நியூசிலாந்து என்றார்கள். ஒரு தடவை ஃபேஸ்புக்கில் அவன் சாயலில் ஒருவரைப் பார்த்து, அண்ணா நீயா என்று கேட்டு எழுதினாள். விடிவதற்குள் அந்தக் கணக்கே காணாமல் போயிற்று. அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக வரும்.

உட்கார முடியவில்லை. மூன்று தடவை தண்ணீர் குடிக்கப் போனாள். ஒரு கண்டெய்னர் எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தாள். பக்கத்து மேசை எபனேசர், காலில் சக்கரம் கட்டியிருக்கிறீர்களா அக்கா என்று கேட்டான். மதியம் மணி அடிக்கும் முன்பே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெரிய கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் பறந்தாள்.

அப்பா நாற்காலியில் இருந்தார். எண்பத்தாறு வயது, கண் மங்கல், காது மட்டும் பாம்புக்காது. ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் காய்கறி, தண்ணீர் சப்ளை செய்யும் லாஞ்சுப் படகில் போய்வந்தவர். மாலுமிகளிடம் கருவாடும் சங்கும் கொடுத்து ரெக்கார்டு வாங்கி வருவார். அவளுக்கு ஒன்பது வயதில் அப்படி வந்ததுதான் அந்தப் பாட்டின் ரெக்கார்டு. தூசி தட்டிப் போட்டாள். கரகரத்தபடி பாடியது. ஐந்தாவது கூப்பாட்டில் ஊசி எம்பியது. பிறகு ஒன்று. ஆறு.

சின்ன வயதில் அந்த இடம் வரும்போது அண்ணனும் அவளும் தரையில் நின்று காத்திருந்து ஊசியோடு சேர்ந்து குதிப்பார்கள். குசினியில் பாத்திரம் அதிரும். கீறல் போட்டது அவள், அடி வாங்கியது அவன். நான்தான் கீறினேன் என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஊசியைத் தூக்கி வைத்தபோது அப்பா பேசினார்.

"அந்தக் கோடு நீ போட்டதுதானளா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா பப்பா அண்ணன அடிச்சீய?"

அவர் நாற்காலியின் கையைத் தடவினார். "அவன் தாங்குவான்னு நெனச்சேன்."

அவள் அவருக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பினாள். தாங்குவான், தாங்குவான் என்றே ஆளாளுக்கு அவன்மேல் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று வழியெல்லாம் அழுகை முட்டியது. சிக்னலில் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதும் விட்டாள்.

அலுவலகத்தில் போனை எடுத்து, அண்ணா நீதானா என்று எழுதினாள். அழித்தாள். பப்பாவுக்கு முடியலை என்று எழுதி அதையும் அழித்தாள். கேட்டால் ஓடிவிடுவான். பழைய காலைப்பொழுது கண்முன் நின்றது. பக்கத்தின் விதி, மாலை நான்கு மணிவரை ஒருவர் தன் பதிலை ஒரே ஒரு தடவை திருத்தலாம். எட்டு என்று அவன் திருத்திவிட்டால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். கடைசியில் அவள் ஒரே ஒரு எண்ணைத் தட்டி அனுப்பினாள். 6.

எட்டிப் பார்த்த எபனேசர் பதறிப்போனான். "அக்கா, எட்டுல்லா? நூத்தி நாப்பத்து மூணு நாளு, எல்லாம் போயிருமே."

"எங்க வீட்டுல ஆறுதான்" என்றாள்.

கேலி செய்கிறவர்களுக்கு இப்போது இரண்டு பேர் கிடைத்தார்கள். ஜெசிந்தா எழுந்தாள், உட்கார்ந்தாள், ஜன்னலுக்குப் போனாள். துறைமுகச் சாலையில் லாரிகள் நகராமல் நின்றன. இரண்டரை. மூன்று. மூன்றேகாலுக்கு ரஸ்டிபோல்ட் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அணைந்தது. திரும்ப எரிந்தது. அவள், எட்டு போட்டுவிடாதே எட்டு போட்டுவிடாதே என்று ஜெபம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரஸ்டிபோல்டின் பதிலுக்குக் கீழே 'திருத்தப்பட்டது' என்று சிறிய எழுத்து வந்தது. தொடப் பயந்துகொண்டே தொட்டாள். இருந்த ஒரே திருத்தத்தை அவன் செலவழித்துவிட்டான். எண் மாறவில்லை. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது.

6. இங்கன குதிக்கணும்.

எபனேசர் ஏதோ கேட்டான். அவள் காதில் விழவில்லை. மேசைக்கு அடியில் ஜெசிந்தாவின் இரண்டு பாதங்களும் செருப்பை விட்டு எம்பித் தரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தன.