ஏமாத்து டேங்க்

மெக்கானிக்குக்கு நுரையீரல் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடியே பெண்டாட்டியை ஆட்டிப் படைத்தார். நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கும். வாங்கின மூச்சை அடுத்த வசவுக்குத்தான் செலவழிப்பார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் அது நிற்கும். அது நின்றால் கொஞ்ச நேரத்தில் அவரும் நிற்க வேண்டியதுதான். கரண்டோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதற்காகப் பின்வாசல் தாழ்வாரத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அவர் பட்டறை நடத்திய காலத்துச் சாமான். டேங்குக்குள் முழுக்கத் துரு. துரு செதில் செதிலாக இறங்கி கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றாலும் இருமுமே ஒழிய ஓடாது. ஒருநாள் கரண்ட் போய், பெண்டாட்டி அப்படித்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் மெக்கானிக்கின் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஊரையே மிரட்டிய மனுஷன் அன்றைக்குப் பயந்தார்.

பயந்தவர் மறுநாளே பெண்டாட்டியின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். ஆக்சிஜன் ஓடும் இடத்துக்குப் பெட்ரோல் வரக் கூடாது. அதனால் அவர் கட்டிலிலிருந்து சொல்வார். அவள் தாழ்வாரத்துக்கு ஓடுவாள், செய்வாள், திரும்ப ஓடிவந்து அடுத்ததைக் கேட்பாள்.

"கழட்டினியா?"

"கழட்டிட்டேங்க. அந்தச் சின்ன ஓட்டையில கம்பி விட்டு ஊதியும் பாத்துட்டேன்."

"கம்பி விட்டியா, கடப்பாரை விட்டியா? உன் கையில குடுத்தா... எதுவும் உருப்படாது."

உருப்பட்டது. துருப்பிடித்த டேங்கை அடியோடு ஒதுக்கிவிட்டு, பெட்ரோலை ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றித் தரையில் வைத்தாள். கேனிலிருந்து ஒரு புதுக் குழாய், நடுவில் ஒரு ஃபில்டர், அதற்கடுத்து படகு என்ஜினில் இருப்பது போல ஒரு ரப்பர் உருண்டை. உருண்டை கெட்டியாகும் வரை கையால் அமுக்கினால் கீழே கிடக்கும் பெட்ரோல் மேலே கார்புரேட்டருக்கு ஏறிவிடும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஒரு குட்டி பம்ப் தானே உறிஞ்சிக்கொள்ளும். அவள் அமுக்கிவிட்டுக் கயிற்றை ஒரே இழு இழுத்தாள். ஜெனரேட்டர் படபடவென்று ஓடியது. அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"சிரிச்சது போதும். நான் சொன்னேன், நீ திருகினே. குரங்குகிட்டச் சொன்னாலும் திருகும்" என்றார் மெக்கானிக்.

அதோடு விட்டிருந்தால் அவர் மெக்கானிக்கே இல்லை. அவருடைய தம்பிக்காரன் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். அண்ணன் எப்போது கண்ணை மூடுவார், ஜெனரேட்டரை எப்போது தூக்கலாம் என்று பார்க்கத்தான் அவன் வாரத்துக்கு ஒருதரம் வந்து நலம் விசாரிக்கிறான் என்பது இவர் கண்டுபிடிப்பு. அதனால் பழைய டேங்கை எடுக்காமல் அப்படியே மேலே மாட்டிவைக்கச் சொன்னார். அதில் பார்வைக்குக் கொஞ்சம் பெட்ரோல். அதன் குழாயில் உள்ளே ஓர் அடைப்பு. அசல் கேனும் ரப்பர் உருண்டையும் தாழ்வாரத்தில் கிடந்த மரப்பெட்டிக்குப் பின்னால், ஒரு சாக்குக்கு அடியில். 'ஏமாத்து டேங்க்' என்று அவரே பெயரும் வைத்தார்.

அடுத்த தடவை தம்பிக்காரன் வந்தபோது ஜெனரேட்டரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் டேங்கின் குழாயைத் திறந்துவிட்டு, வியர்த்து ஒழுக ஒழுகக் கயிற்றை இழுக்கும் சத்தத்தைக் கட்டிலிலிருந்து கேட்டுக் கேட்டு, கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தார்.

"என்ன அண்ணி, அசையவே மாட்டேங்குது?" என்று அவன் உள்ளே வந்து கேட்டான். பாவமாக இருந்ததால் அவள், "அது வந்து தம்பி..." என்று வாயைத் திறந்தாள். எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்து புருவத்தைக் கிழித்தது. படுத்த படுக்கையாக இருந்தாலும் குறி தப்பவில்லை.

அன்றைக்கே பாடம் ஆரம்பமாயிற்று. ஜெனரேட்டரைப் பற்றி யார் கேட்டாலும் அவள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: 'எனக்கு என்னங்க தெரியும்? அவரைத்தான் கேக்கணும்.' புருவத்தில் போட்ட தையலைப் பிரிக்கும் முன்னாலேயே அவளை நிற்கவைத்துச் சொல்ல வைத்தார். பார்க்க வந்தவர்கள் முன்னால் சொல்ல வைத்தார். "முகத்தை இன்னும் கொஞ்சம் மந்தமா வெச்சுக்கோ. ஆங், அப்படித்தான், உனக்கு அது தானா வருது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

இந்த நிலையில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அப்பன் பேச்சை மீறிக் கட்டிக்கொண்டு போன மகள். வாசற்படி மிதிக்கக் கூடாது என்று துரத்தப்பட்டவள். ஒரே ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெண்டாட்டி அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். "நான் வந்து உக்காந்துக்கறேன், அண்ணி போய்ட்டு வரட்டும்" என்று தம்பிக்காரனும் சொன்னான். தன் மூத்திரச் சட்டியை அவன் தூக்கப்போகிறான் என்கிற ஆனந்தத்தில் மெக்கானிக் தலையாட்டிவிட்டார்.

கிளம்பும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "தம்பிக்கு அந்த உருண்டைய மட்டும் காட்டிட்டுப் போறேங்க."

"காட்டினே... காலை ஒடிச்சுடுவேன்."

"கரண்ட் போயிட்டா?"

"நான் இருக்கேன்ல? வாய் இருக்கு. வேணுங்கறப்ப நான் சொல்லிக்குவேன். அவன் கொஞ்சம்... இழுத்துச் சாகட்டும்."

மகள் வீடு ஒற்றை அறை. ஜன்னலோரம் கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பேத்தியை மடியில் போட்டு, இடது கையால் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்ததுதான் தாமதம், போன் அடித்தது.

"அண்ணி, கரண்ட் போயிடுச்சு! ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பாக்கறேன், மூச்சே விடமாட்டேங்குது. டேங்க்ல பெட்ரோல் இருக்கு, தொறந்துதான் விட்டிருக்கேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, எப்ப வருமோ தெரியல."

"அவர் என்ன சொல்றார்?"

"மொதல்ல சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு அண்ணி. இப்பப் பேச்சே வரல. கைய நீட்டி நீட்டி விரலை மடக்கி மடக்கி விரிக்கிறாரு. புடிச்சுக்கச் சொல்றாராக்கும்னு புடிச்சேன். உதறிட்டு மறுபடியும் அப்படியே பண்றாரு. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னு சொல்லுங்க அண்ணி, சீக்கிரம்!"

சாக்குக்கு அடியில் என்றால் போதும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது. அவளுக்குப் பயமாக இல்லை. பயமாக இல்லையே என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது. புருவத் தழும்பு லேசாக அரித்தது. முகத்தை மந்தமாக வைத்துக்கொண்டாள். போனில் தெரியாது என்றாலும் பழகிய பழக்கம்.

"எனக்கு என்னங்க தெரியும்? அவரைத்தான் கேக்கணும்."

போனை வைத்துவிட்டுக் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா?"

"உன் சித்தப்பா. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலியாம்."

"அப்பாவைக் கேட்டா சொல்லப் போறாரு."

"அதைத்தான் நானும் சொன்னேன்."