ஆறு வருடச் செவ்வாய்க்கிழமை

செயற்கைக் கால் செய்யும் அந்தக் கூடத்தில் மொத்தம் தொண்ணூறு கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொண்டவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ரீஸ்டார்ட். யார் என்ன குறையோடு போய் நின்றாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது, “ரீஸ்டார்ட் பண்ணீங்களா?” என்பதுதான். தலைவலி என்று சொன்னவரிடமும் ஒருநாள் அப்படித்தான் கேட்டுவிட்டாள், பாவம்.

புது அப்டேட் வந்தால் அதை எடுத்த எடுப்பில் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட மாட்டாள். முதலில் தன் கணினியில் போட்டு ஒருநாள் அதோடு வேலை செய்து பார்ப்பாள். பிறகு நான்கு பேருக்கு. அந்த நான்கும் நலமென்றால்தான் மற்றவர்களுக்கு. பிள்ளைக்குப் பால் கொடுக்குமுன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அதே பயம்தான்.

அந்த வாரம் வந்தது அவசர அப்டேட். கணினிகளுக்குள் திருடர்கள் நுழைய ஓர் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்களாம். வெள்ளி காலைக்குள் அடைக்காத கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிடுங்கள் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. எண்பத்தொன்பது கணினிகள் சமர்த்தாக வாங்கிக்கொண்டன. ஒன்று மட்டும் மூன்று முறை கொடுத்தும் துப்பிவிட்டது. அது செதுக்கும் அறைக் கணினி; அங்கே வேலை கெடக்கூடாதென்று ரொம்ப நாளாக அதற்கு அப்டேட்டே கொடுத்ததில்லை. வெள்ளி ஒன்பது மணிக்கு அதைத் துண்டித்தார்கள்.

பத்து மணிக்குத் தபால்காரம்மா வந்து சேர்ந்தாள், இரண்டு அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு. முழங்காலுக்குக் கீழே அவள் மாட்டுகிற கால் குறுக்காக விரிசல் விட்டிருந்தது. முழங்காலோடு மிச்சமிருக்கும் அவளுடைய காலின் வடிவம் மேல்மாடி சர்வரில் பத்திரமாக இருந்தது. அது கீழே வந்தால்தான் இயந்திரம் வெள்ளை நுரைக்கட்டையில் அதே வடிவத்தைச் செதுக்கும். அந்த அச்சின்மேல்தான் புதுக்கால் வார்ப்பார்கள். இன்று செதுக்கினால் நாளை வார்க்கலாம். ஆனால் வடிவம் வரும் வழி அடைபட்டுக் கிடந்தது. பென் டிரைவுக்கும் அன்று தடை.

“திங்கக்கிழமை நான் போய் நிக்கலேன்னா என் தெருவையெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கம்மா,” என்றாள் தபால்காரம்மா. “அங்க எந்த நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும்னு எனக்குத்தான் தெரியும்.”

ரீஸ்டார்ட் கீழே இறங்கிப் போனாள். செதுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவரை எல்லோரும் கட்டர் அண்ணன் என்பார்கள். அவர் கதவிலேயே மறித்தார்.

“இங்க ரீஸ்டார்ட் பேச்சே எடுக்காதே, சொல்லிட்டேன்.”

“எடுக்கலண்ணே. முதல்ல உள்ள இருக்கறத எல்லாம் அப்படியே ஒரு காப்பி எடுத்துக்கறேன். அது போதுமா?”

காப்பி எடுத்து முடித்தவள், செதுக்கிய வடிவங்களின் பட்டியலைத் திறந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு வரிகள். உருட்டினாள். மேலும் உருட்டினாள். விரல் நின்றுவிட்டது.

எல்லா வரியிலும் ஒரே தேதி. ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை.

“அண்ணே, இது என்ன?”

கட்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். “அப்போ ஒரு சின்னப் பொண்ணுக்குச் செதுக்கிட்டிருந்தேன். பாதியில இது தானா அணைஞ்சு எழுந்துச்சு. கட்டை பாழ். அந்தப் பொண்ணு இன்னும் ஒரு வாரம் தவழ்ந்துச்சு. மறுநாளே திரையில இன்னொரு அறிவிப்பு காட்டுது, ஏழு நாள்ல மறுபடி தானா அணைவேன்னு. நான் யோசிச்சேன். ஏழாவது நாள் வந்தாத்தானே? தினமும் காலைல வந்ததும் தேதியைப் பழையபடி மாத்தி வச்சிடுவேன்.”

“தினமுமா?”

“மேசையைத் துடைப்பேன், தேதியை மாத்துவேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மேலிருந்து வரும் ஒவ்வொரு அப்டேட்டிலும் தேதி போட்ட ஒரு முத்திரை இருக்கும். இன்னும் பிறக்காத நாளின் முத்திரையை இந்தக் கணினி எப்படி நம்பும்? அதனால்தான் துப்பியிருக்கிறது. அது புரிந்த பிறகும் அவள் கண் பட்டியலை விட்டு அகலவில்லை. அந்த ஒரே செவ்வாய்க்கிழமையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள். அப்படி ஒரு நாளை எந்த நாட்காட்டி கண்டது!

“இப்போ சரியான தேதி வைக்கப்போறேண்ணே.”

“அந்த ஏழு நாள்?”

“அது போய் ஆறு வருஷமாச்சு.”

ஒரே அழுத்தல். ஆறு வருடம் அந்த அறைக்குள் ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தது. துண்டிக்குமுன்பே உள்ளே வந்து கிடந்த அப்டேட் ஏறத் தொடங்கியது. திரை கறுத்தது. கட்டர் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பன்னிரண்டு சதவீதம் என்று எழுத்து வந்தது. மறுபடி கறுப்பு. நாற்பது. தபால்காரம்மா கட்டைகளோடு மெல்ல உள்ளே வந்து நின்றாள். தொண்ணூற்றெட்டில் அது இருபது நிமிடம் அசையவே இல்லை. எங்கோ, முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து எழுதிய நான்கு வரி, கடலெல்லாம் கடந்து இந்தச் சின்ன அறைக்குள் வந்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

திரை வெளுத்தது. துண்டித்த இணைப்பை மறுபடி கொடுத்ததும் நெட்வொர்க் விளக்கு பச்சையாக எரிந்தது.

ரீஸ்டார்ட் அமைப்புகளைத் திறந்து, வேலை நேரம் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை என்று போட்டாள். “இந்த நேரத்துல இது தானா அணையாதுண்ணே.”

“இவ்வளவுதானா?” என்றார் அவர். “ஆறு வருஷமா நான்...”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ ரீஸ்டார்ட் பண்ணுன்னிருப்பே!”

தபால்காரம்மா சிரித்த சிரிப்பில் ஒரு அக்குள் கட்டை நழுவி விழுந்தது.

மேலிருந்து வடிவம் இறங்கியது. கத்தி சுழன்றது. வெள்ளைத் தூள் பறக்கப் பறக்க, நுரைக்கட்டைக்குள்ளிருந்து ஒரு முழங்கால் மெல்ல மேலெழுந்தது. பிறகு அதன் கீழே மிச்சமிருந்த கால். பக்கவாட்டில் ஒரு சின்ன மேடு.

தபால்காரம்மா இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். தன் பாவாடைக்கு மேலாக அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“இது நான்தான்,” என்றாள்.