பிடித்துத் தைத்த ஜாக்கெட்

என் மாமியார் பிரம்மநாயகி கெட்டவர் என்று யாரிடமும் என்னால் நிரூபிக்க முடியாது. அடிக்க மாட்டார், ஏச மாட்டார். "தாயி" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வாசல் கேட்டில் உள்பக்கம் எப்போதும் பூட்டுத் தொங்கும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். கேட்டால் திருட்டுப் பயமாம். என் போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனதிலிருந்து, அம்மாவிடம் பேசுவதென்றால் அவர் போனில்தான், அதுவும் ஸ்பீக்கரில். "எல்லாரும் கேப்பமே தாயி, நமக்குள்ள என்ன ரகசியம்?" என்பார். சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று கேட்டுவிட்டு நானும் வைத்துவிடுவேன்.

தலைதீபாவளிக்கு நாங்குநேரியில் எங்கள் வீட்டுக்குப் போனபோதும் கூடவே வந்தார். காலையில் போய்ப் பொழுது சாயுமுன் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டோம். அம்மாவோடு அடுப்படியில் நிற்கக்கூட விடவில்லை. புதுப்பெண் புகையில் நிற்கக் கூடாதாம். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷமாகிறது.

என் கணவர் மகேஸ்வரன் ஆபீஸில் எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசுவார் என்று சொல்வார்கள். வீட்டில் அவருக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். "அம்மை சொன்னா சரியாத்தான் இருக்கும்." கல்யாணத்துக்கு முன்னால் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். திரும்ப வேலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கும் அதே வாக்கியம்தான் வந்தது. பெண் பார்க்க வந்தபோது இவர் அதிகம் பேசாததை அடக்கம் என்று நினைத்து மயங்கினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அத்தையே பரிமாறுவார். பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார். "நல்லாச் சாப்பிடு தாயி" என்பார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டால், கோயில் யானைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கவளம் என்று பக்கத்தில் யாரிடமாவது விசாரிப்பார். கொஞ்ச நாளில் எனக்கு முதல் உருண்டையே தொண்டையில் நின்றுவிட ஆரம்பித்தது.

தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. மறுநாள் அம்மாவும் அப்பாவும் தலைப்பொங்கல்படிச் சீர் கொண்டு வருவதாக இருந்தது. "கல்யாணப் பட்ட ஒருக்கக் கெட்டிக் காட்டு தாயி, பாப்போம்" என்றார் அத்தை.

கட்டிக்கொண்டு வந்து நின்றேன். ஜாக்கெட் என் மேல் தொளதொளவென்று தொங்கியது. அக்குளில் ஒரு கை நுழையும். தோள் நழுவி நழுவி வந்தது. இது தெரிந்துதான் நான் அந்தப் பட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த ஜாக்கெட் என் அம்மா தைத்தது. அளவு ஜாக்கெட் வைத்துத் தைக்கிற பழக்கமே அம்மாவுக்குக் கிடையாது. என்னை நிற்க வைத்து, உடம்போடு ஊக்குக் குத்தி, கையைத் தூக்கச் சொல்லி, மூச்சை இழுத்து விடச் சொல்லித்தான் தைப்பாள். அவள் தைத்தது என் மேல் இப்படித் தொங்குவதைப் பார்த்தால் போதும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மார்கழி முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அத்தை என்னைச் சுற்றி வந்தார்.

"இதப் பிடிச்சுத் தைக்கணுமே தாயி. இப்படியே போயி நின்னா உங்க அப்பா என்ன நினைப்பாவ? சோறு போடலன்னுல்லா பேச்சாயிரும்."

அவரே இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திக் கொடுத்தார். அந்த வீட்டில் தையல் மிஷின் இல்லை. ஊசி நூலோடு என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு டிவி பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டில் வந்து. "ஏன் தாயி?" என்று அன்பாகக் கேட்பார். அதற்குப் பதில் கிடையாது.

வலது பக்கத்தை ஒழுங்காகத் தைத்தேன். இடது பக்கம் ஊசியைக் குத்தும்போதுதான் அந்த யோசனை வந்தது. என் அம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. கோணல் ஜாக்கெட்டைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத பெண்ணைக்கூட ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து அனுப்புவாள். எனக்கும் தங்கச்சிக்கும் மானம் போகும். கோணலாக இருந்தால் என்னையும் தனியாக இழுத்துக்கொண்டு போவாள். கதவைச் சாத்துவாள்.

அக்குள் பக்கம் அதிகமாகப் பிடித்து, கீழே பிடிக்காமலே விட்டுவிட்டேன். போட்டுப் பார்த்தபோது முதுகுப்பக்கக் கழுத்து ஒரேயடியாக இடதுபக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அத்தை முன்பக்கம் மட்டும் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"இப்பம் லெச்சணமா இருக்கு" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கரும்புக்கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு கார் வந்து நின்றது. அப்பா மஞ்சள் குலையும் பனங்கிழங்குமாக இறங்கினார். அம்மா வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தை கேட்டைத் திறந்து, "வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி" என்று வாய் நிறையச் சிரித்தார். நான் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே திரும்பி நடந்தேன்.

"ஏட்டி, நில்லு. முதுகுல என்ன இது கோலம்?"

என் அம்மாவின் குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"மதினி, ஊசி நூல் இருந்தா கொஞ்சம் குடுங்க. ஒரு நிமிசத்துல சரிபண்ணிருதேன்."

ஊசியை எடுத்துக் கொடுத்த அத்தை எங்கள் பின்னாலேயே அறைக்கு வந்தார். அம்மா வாசலில் நின்றுகொண்டு, "சட்டையக் கழட்டணும் மதினி" என்றாள். அத்தை அதற்கு மேல் வர முடியவில்லை. அம்மா கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். அந்த வீட்டில் உள்பக்கமாகப் பூட்டிய ஒரு கதவு எனக்குச் சாதகமாக இருந்தது அன்றைக்குத்தான்.

ஜாக்கெட்டைக் கழற்றினேன். அம்மா என் தோள்பட்டை எலும்பைப் பார்த்தாள். விலாவைப் பார்த்தாள். ஜாக்கெட்டைத் திருப்பி, உள்ளே நான் மடக்கிப் பிடித்திருந்த துணியை விரலால் தடவிப் பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, என்னக் கூட்டிட்டுப் போயிரு. இன்னைக்கே" என்றேன்.

"அடிக்காவளா?"

"இல்ல."

"மாப்பிள்ள குடிக்காரா?"

"இல்ல."

"பெறவு என்னட்டி?"

சாவி, ஸ்பீக்கர், யானை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லும்போதே எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. "சோறு எறங்கலம்மா. இங்கன மூச்சு விட முடியல" என்று மட்டும் கடைசியில் சொன்னேன்.

அம்மா அழுதாள். அழுதுகொண்டே ஊசிமுனையால் என் தையலைப் பிரித்தாள். இரண்டு பக்கமும் பிரித்தாள். உள்ளே மடங்கியிருந்த துணி முழுவதும் வெளியே வந்தது. இப்படியே தொளதொளவென்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். பைக்குள் எதை எதை எடுத்து வைக்க வேண்டும் என்றுகூட மனசுக்குள் ஓடியது.

"போடு" என்றாள். போட்டேன்.

"கையத் தூக்கு."

தூக்கினேன். அம்மா இரண்டு பக்கமும் துணியைச் சேர்த்துப் பிடித்து, ஊக்குக் குத்தினாள்.

"அம்மா?"

"உன் தங்கச்சியப் பொண்ணு பாக்க வாராவ, தை பிறந்ததும். நல்ல எடம். இந்த நேரத்துல நீ வந்து அங்கன உக்காந்தா..." அடுத்த ஊக்கை எடுத்தாள். "பைய சரியாயிரும்ட்டி. ஒரு பிள்ள பெறந்துட்டா எல்லாம் சரியாயிரும். மூச்ச இழுத்து விடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். தட்டிவிடவில்லை. மூச்சை இழுத்து விட்டேன். சின்ன வயதிலிருந்து அவள் அப்படிச் சொன்னால் என் உடம்பு தானாகவே செய்யும்.

கழற்றி வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து தைத்தாள். இரட்டை நூல் கோத்து, ஒவ்வொரு தையலையும் திரும்பப் பின்னால் கொண்டுவந்து குத்தி, இறுக்கி இறுக்கித் தைத்தாள். கண்ணீர் கையில் விழ விழத் துடைத்துக்கொண்டாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெளியே வந்ததும் அத்தை என்னைச் சுற்றிப் பார்த்தார்.

"இப்பந்தான் எடுப்பா இருக்கு. என்ன மதினி, கல்யாணத்துக்கே கொஞ்சம் லூசாத் தச்சிட்டீயளோ?"

அப்பா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலை முந்தியால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா மதினி" என்றாள். "நாந்தான் அளவு தப்பிட்டேன்."

அத்தை என்னைக் காபி கொண்டுவரச் சொன்னார். தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துக்கொண்டு போய், கையை நீட்டி ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். ஜாக்கெட் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.