பனிக்கொம்பையில் ஒரு மூட்டை பெல்லட்

பனிக்கொம்பையில் மரம் எரிந்தால் எல்லோருக்கும் சூடு கிடைக்காது. அந்த மரம் உயிரோடு நின்ற காலத்தில் யார்மேல் அதன் நிழல் விழுந்ததோ அவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நெருப்பை வேடிக்கை பார்க்கலாம்.

ஆகவே அந்த மலையூரில் பெல்லட் வாங்குவது பெண் பார்ப்பதைப்போல நாலு இடம் விசாரித்துச் செய்கிற காரியம். பெல்லட் என்பது வேறொன்றுமில்லை, மரத்தூளை மில்லில் அழுத்திச் சுண்டுவிரல் கனத்தில் குச்சி குச்சியாகத் தள்ளுவது. காட்டில் விறகு பொறுக்கக்கூடாது என்று தடை வந்தபிறகு வீட்டுக்கு வீடு தகரத்தில் கணப்பு அடுப்பு வைத்து இதைத்தான் எரிக்கிறார்கள். நல்ல பெல்லட் பளபளவென்று இருக்கும், டக்கென்று ஒடியும், மூட்டையின் அடியில் தூள் தங்காது. எந்த மரம், எங்கே நின்றது என்பது மூட்டையின்மேல் எழுதியிருக்கும். அதை நம்புவது வாங்குகிறவர் பாடு. எங்கோ பள்ளத்தில் தனியாக நின்ற மரத்தை அரைத்து, ‘பஸ் ஸ்டாண்டு தைலமரம்’ என்று எழுதி விற்கிற புண்ணியவான்களும் உண்டு. அதை வாங்கி எரித்த குடும்பங்கள் ராத்திரி முழுக்க அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நடுங்கியிருக்கின்றன.

லோகிதாசனுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவன் தேயிலை எஸ்டேட்டில் கவாத்துக்காரன், அதாவது வயதான தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிறவன். அவன் மனைவி சுகந்தி கொழுந்து பறிப்பவள். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களின் அடியில்தான் இருவரும் பத்து வருடமாக வேலை செய்கிறார்கள். சில்வர் ஓக் பெல்லட்டை டவுன்காரர்கள் சீந்துவதில்லை என்பதால் அது மலிவு. மாதம் ஒரு மூட்டை வாங்கினால் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கதகதவென்று போகும்.

கார்த்திகையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குச் சூடு வரவில்லை.

அடுப்பு அனலாய் எரிந்தது. லோகிதாசன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். குழந்தையைத் தொட்டுப்பார்த்தால் ஆற்றுக் கூழாங்கல்போலச் சில்லென்றிருந்தது. கம்பளியில் சுற்றினார்கள். கம்பளி இருக்கிற சூட்டைக் காக்கும், இல்லாத சூட்டை எங்கிருந்து கொண்டுவரும்? சுகந்தி குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்படி வைத்திருக்கும்வரை சரியாக இருந்தது. கீழே கிடத்தினால் ஐந்தே நிமிடத்தில் கால்விரல்கள் நீலம் பாய்ந்தன. இருபத்திரண்டு நாள் அவள் குழந்தையை இறக்கி வைக்கவில்லை. உட்கார்ந்தபடி தூங்கினாள், நின்றபடி சாப்பிட்டாள். மார்கழி பிறந்து புல்லில் உறைபனி விழ ஆரம்பித்ததும், எடை பார்க்க வந்த நர்ஸம்மா தராசைப் பார்த்துவிட்டு லோகிதாசனை வெளியே கூப்பிட்டாள்.

“இருநூறு கிராம் குறைஞ்சிருக்கு. இந்தக் குளிர்ல பாப்பா தாங்காது. அம்மாவும் தாங்கமாட்டா. சீக்கிரம் இதுக்குன்னு ஒரு பெல்லட் பாருங்க.”

அன்றைக்கே லோகிதாசன் டவுனுக்குப் போனான். கண்ணாடி வைத்த பெரிய கடை ஒன்றில் விசாரித்தான். கடைக்காரர் ஒரு மூட்டையைத் தட்டிக்காட்டினார்.

“பிரசவ வார்டு வாசல் செண்பகம். போன மாசம்தான் வெட்டினாங்க. இந்த ஊர்ல பொறந்த எந்தப் பிள்ளைக்கும் இதுல கண்டிப்பா சூடு வரும்.”

பனிக்கொம்பையில் ஒரு கிளையை ஒடிக்கவும் ஆர்டர் வேண்டும். ஆர்டர் வந்த மரத்தில் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதிவிடுவார்கள். பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போது, எண் எழுதிய மரமாகப் பார்த்து அதன் நிழலில் குழந்தையைக் கால் மணி நேரம் வெறுந்தலையோடு வைத்திருப்பது ஊர் வழக்கம். முதல் குளிர்காலத்துக்கு அதுவே போதும். செண்பகத்தில் எண் எழுதியிருந்தது லோகிதாசனுக்கு நினைவிருந்தது. அவன் மூட்டையைத் தோளில் தூக்கிவந்து, கால்படி அடுப்பில் போட்டுக் கொளுத்தினான். நல்ல சரக்குதான், பொய் சொல்லக்கூடாது. சுகந்திக்கு நெற்றி வேர்த்தது. எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டார். குழந்தை மட்டும் அப்படியே சில்லென்று கிடந்தது.

அப்போதுதான் சுகந்திக்கு உறைத்தது.

“என்னங்க, நம்ம குடை பிடிச்சோமே.”

பிடித்திருந்தார்கள். அவர்கள் இருவருடைய பெற்றோரும் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். பிறந்த பிள்ளைமேல் முப்பது நாள்வரை மரநிழல் படக்கூடாது, பட்டால் காற்றுக் கருப்பு அண்டும் என்பது அவர்கள் வழக்கம். வார்டு வாசலிலிருந்து ஜீப்வரை லோகிதாசன் பெரிய கறுப்புக் குடையைப் பிடித்தபடி ஓட்டமாக ஓடினான். ஒரு இலை நிழல்கூடப் படாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று அன்றைக்குப் பெருமை வேறு. அவனுக்கு இப்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

எண் எழுதிய வேறு மரம் ஊரில் இல்லை. வெட்டுகிற மரங்களின் அடுத்த பட்டியல் ஆனி மாதம்தான்.

மறுநாள் காலை அவன் போஜனின் மில்லுக்குப் போனான். போஜன் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பது வருடமாகப் பெல்லட் ஓட்டுகிறவர். மூட்டையில் பொய் எழுதாதவர் என்று பெயர். அதனாலேயே பெரிதாகச் சம்பாதிக்காதவர். லோகிதாசன் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் மிஷினை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டார்.

“மரநிழல் எதுவும் படல. வேற என்ன நிழல் பட்டுச்சு?”

“குடை நிழல்தாண்ணா.”

“குடை மறைக்கும். சுவர் மறைக்கும். அதெல்லாம் நிழல் குடுக்கிறதுல சேராது லோகி. உசுரோட இருந்து எது குடுத்துச்சு, அதைச் சொல்லு.”

லோகிதாசன் யோசித்தான். மஞ்சள்காமாலை வராமலிருக்கக் குழந்தையை இளவெயிலில் காட்டச் சொல்லியிருந்தார்கள். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டின் மரமில்லாத முற்றத்தில், சுகந்தி சூரியனைப் பார்த்து உட்கார்ந்து மடியில் வைத்திருப்பாள். வெயில் கண்ணில் அடிக்காமல் அவன் பக்கத்தில் நின்று கையை நீட்டி மறைத்துக்கொண்டிருப்பான்.

“என் கை நிழல் பட்டிருக்கு. பதினஞ்சு நாள். தெனம் அரை மணி நேரம்.”

“எந்தக் கை?”

“வலது.”

போஜன் மேஜை இழுப்பறையிலிருந்து ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்து, அவனுடைய வலது முன்கையில் அழுத்தினார்.

“பதினாறு. பச்சை மரம் நாப்பது காட்டும். நீ கவலையிலயே பாதி காஞ்சுட்டே. டிரையர்ல ரெண்டு நாள் கிடந்தா பத்துக்கு வந்துரும்.”

“சாம்பல் நெறய வருமா?”

“உழைச்ச கைதானே. கம்மியாத்தான் வரும்.”

“எவ்வளவு தேறும்ணா?”

“முக்கால் மூட்டை. சிக்கனமாப் போட்டா மாசி வரைக்கும் ஓட்டலாம். அரவைக் கூலி மட்டும் குடு, போதும்.”

“ஆர்டர் வாங்கணுமா?”

“மரத்துக்குத்தான் ஆர்டர். ஆளுக்கு யாரும் கேக்கமாட்டாங்க.”

இவ்வளவு மலிவாக முடியும் என்று லோகிதாசன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் சுகந்தி ஒத்துக்கொள்ளவில்லை.

“என் கையை எடுத்துக்குங்க.”

“உன் நிழல் அவ மேல விழலயே. வெயில் உனக்கு முன்னால இருந்துச்சு, நிழல் முதுகுப்பக்கம் சுவத்துல போச்சு. அதுவுமில்லாம பிள்ளையைத் தூக்க உனக்கு ரெண்டு கையும் வேணும்.”

“கவாத்துக் கத்தியை எப்படிப் புடிப்பீங்க? அந்தக் கையாலதானே நாம சாப்பிடறோம்?”

“செடி என்ன பண்ணுது? வெட்டினா துளிர்க்குது. இடது கையை அப்படியே விட்டுடறோம்ல. மூச்சு விட ஒரு கிளை இலையோட இருந்தாப் போதும், மத்தது தன்னால வரும்.”

அவள் அழுதாள். இருபத்திரண்டு நாள் தேக்கிவைத்த அழுகை, லேசில் நிற்கவில்லை.  லோகிதாசன் வலது கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அப்புறம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்துச் சாணைக்கல்லில் தீட்டினாள். குழந்தை அவள் நெஞ்சில் கட்டியபடியே இருந்தது.

முற்றத்தில் ஒரு பெஞ்சின்மேல் அவன் கையை நீட்டி வைத்தான். எங்கே வெட்டவேண்டும், கத்தியை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவனே சொல்லிக்கொடுத்தான்.

“முழங்கை முட்டிக்கு நாலு விரல் கீழ. சாய்வா வெட்டு. மட்டமா வெட்டினா தண்ணி தேங்கி அழுகிடும். ஒரே வெட்டு, ரெண்டாவது வெட்டு வெட்டினா பட்டை பிளந்துக்கும்.”

சுகந்தி ஒரே வெட்டில் வெட்டினாள். புதிதாகச் செய்பவளுக்கு அது ரொம்ப நேர்த்தியான வெட்டு என்று அவன் மனதாரச் சொன்னான். வெட்டுவாயில் சுண்ணாம்பும் மயில்துத்தமும் குழைத்த பசையைப் பூசினார்கள்.

எஸ்டேட் ஆபீசில் லீவு கேட்டபோது சூப்பர்வைசர் சங்கடப்படவில்லை. கவாத்து செய்த செடியில் மூன்று மாதத்துக்குக் கொழுந்து எடுப்பதில்லை என்பது விதி. அதே விதியை இவனுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் போஜன் மூட்டையைத் தானே கொண்டுவந்து இறக்கினார். மூட்டையின்மேல் ‘லோகிதாசன், வலது கை, லைன் வீட்டு முற்றம்’ என்று உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார். லோகிதாசன் இடது கையால் ஒரு பிடி அள்ளிப்பார்த்தான். பளபளவென்று இருந்தது. அடியில் தூளே இல்லை.

ஒரு கிண்ணம் போட்டுக் கொளுத்தினார்கள். சுகந்தி குழந்தையை அவிழ்த்து, அடுப்புக்கு முன்னால் பாயில் கிடத்தினாள். அவள் நெஞ்சு திடீரென்று லேசாகிவிட்டது, கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையின் நெற்றியில்தான் முதலில் சூடு வந்தது. பிறகு மூடியிருந்த இரண்டு கண்களிலும். பிறகு கன்னம், கழுத்து, மார்பு என்று இறங்கிக் கடைசியில் கால்விரல்களுக்குப் போனது. நீலம் விலகி ஒவ்வொரு விரலும் வெளுத்து, சிவந்து, அதனதன் நிறத்துக்கு வந்தது. குழந்தை கையையும் காலையும் விரித்துப்போட்டுத் தூங்கியது. சுகந்தி அதன் பக்கத்தில் சரிந்து படுத்தாள். அவள் படுத்துத் தூங்கி அன்றைக்கு இருபத்தாறு நாள்.

கவாத்து வரிசையில் லோகிதாசனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் நாலைந்து பேர் சூட்டுக்காக எட்டிப்பார்த்தார்கள். லைனில் திரிகிற செவலை நாயும் வந்து வாசற்படியில் சுருண்டுகொண்டது. எல்லோருக்கும் எப்போதோ அந்தக் கையின் நிழல் கொஞ்சம் பட்டிருந்தது. லோகிதாசனுக்கு மட்டும் அந்த அடுப்பில் சூடு வரவில்லை. அந்தக் கை அவனுக்கென்று ஒரு நாளும் நிழல் கொடுத்ததில்லை. அவன் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல் கிட்டித்தது. அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

குழந்தைக்கு ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். மாசியில் அது குப்புற விழப்பார்த்தது. மூட்டை பங்குனி முதல் வாரம்வரை வந்தது, போஜன் சொன்னதைவிட அதிகம்.

சித்திரையில் இரண்டு மழை பெய்தது. லோகிதாசனின் வெட்டுவாயில் முதலில் ஒரு முளைக்கண் தடித்தது. ஒரு வாரத்தில் அது விரிந்து ஐந்து விரலாகப் பிரிந்தது. இளஞ்சிவப்பில், நகம் சரியாக முற்றாமல், ஒரு சின்னக் கை. எந்நேரமும் பொத்தியே வைத்திருந்தது.

ஆதிரைக்குத் தள்ளிப்போயிருந்த தடுப்பூசி போடுகிற நாளன்று மூவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நர்ஸம்மா ஆதிரையின் தொடையில் ஊசி போட்டாள், தராசில் வைத்து எடை பார்த்துத் தலையாட்டினாள். அப்புறம் லோகிதாசன் பக்கம் திரும்பி அவனுடைய சின்னக் கையை மெல்லப் பிரித்துப் பார்த்தாள்.

“இதுக்கு எத்தனை நாள்?”

“பதினொரு நாள்,” என்றாள் சுகந்தி.

“அப்போ, பொறந்த பிள்ளைக்குப் போடற ஊசி போடணும்.” போட்டாள். கை வீல் என்று அழுதது. லோகிதாசன் அதை மார்போடு அணைத்துத் தட்டிக்கொடுத்தான். “இன்னைக்குக் குளிப்பாட்ட வேணாம். காய்ச்சல் அடிச்சா சொட்டு மருந்து அஞ்சு சொட்டு.”

நர்ஸம்மா கைக்கென்று புது அட்டை ஒன்றை எடுத்துத் தேதியை நிரப்பினாள்.

“அம்மா பேரு?”

“ஆதிரை. இவளாலதானே இது பொறந்துச்சு,” என்றான் லோகிதாசன்.

நர்ஸம்மா எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.