ஃபெஸ்டியின் முதுகுக் கோடு

ஃபெஸ்டியின் முதுகில் இழுத்த சாக்பீஸ் கோடு ஒன்பது வருஷமாக அழியவில்லை. தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்குக் கல்யாணமாகாதவன் வந்தால், பின்னாலிருந்து யாராவது சட்டையில் கோடு இழுப்பது எங்கள் கரையில் வழக்கம். தட்டினால் போய்விடும். இவனுக்குப் போகவில்லை. சட்டையைத் துவைத்தான், வேகவைத்தான், கடைசியில் எரித்தான். புதுச் சட்டையிலும் அதே இடத்தில் கோடு வந்தது. கடல்பாசிக் கூடை சுமந்து முதுகுத்தோல் உரிந்தபோது அடித்தோலிலும் இருந்தது. பேசிய சம்பந்தமெல்லாம் அதைப் பார்த்து முறிந்தது. சபினா மட்டும் சரியென்றாள். ஆனால் பாஸ்டனிலிருந்து அவள் அக்கா கப்பல் டிக்கெட் அனுப்பியிருந்தாள். தவக்காலத்தில் சாமியார் கல்யாணம் செய்துவைக்க மாட்டார். அது முடிவதற்குள் அவள் கப்பல் ஏறிப் போயிருப்பாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் முடிந்தால்தான் உண்டு.

அன்று மழையில் கல்யாண வண்டியின் சக்கரம் புதைந்து, கிளம்பவே மத்தியானம் தாண்டிவிட்டது. சதுப்பு நிலத்து ஒற்றைப் பாதையில் எதிரே பிணம் வந்தது. கல்யாணமாகாமலே செத்த கிழவன் மர்ட்டி. பெட்டியின் மூடியில், பலகையை ஊடுருவிக்கொண்டு, வெள்ளைக் கோடு. வண்டியிலிருந்த ஃபெஸ்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிரே பிணம் வந்தால் அதோடு திரும்பிச் சிறிது தூரம் நடக்க வேண்டும் என்பது வழக்கம். கோயிலுக்குக் கிளம்பிய மணப்பெண்ணோ திரும்பவே கூடாது.

"திரும்பாத! வீட்டுப் பக்கம் முகம் திரும்பினா கல்யாணம் நாசம்," என்று கத்தினார் சபினாவின் அப்பா.

"நடக்காமப் போங்க மாமா. அடுத்த பெட்டி தூக்க உங்க வீட்டுக்கே வர்றோம்," என்றான் பெட்டி சுமந்தவன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

"நீங்க சண்டைய முடிக்கிறதுக்குள்ள நெத்தியில சாம்பலே பூசிடுவாங்கப்பா," என்று சபினா வண்டியிலிருந்து குதித்தாள். "யோவ், எறங்குய்யா. முகம் கோயிலப் பாக்கட்டும், காலு மட்டும் பின்னால போகட்டும்."

இருவரும் பின்னோக்கியே பிணத்தோடு நடந்தார்கள். சேற்றில் ஃபெஸ்டி விழுந்துவிடாமல் சபினா அவன் முதுகில் கை கொடுத்துத் தாங்கினாள். அப்புறம் வண்டியை விரட்டினார்கள். சாமியார் ஆசீர்வதித்து முடித்தபோது மேற்கே ஒரு விரற்கடை வெளிச்சம் பாக்கியிருந்தது.

மறுநாள் ஃபெஸ்டியின் முதுகு வெறுமையாக இருந்தது. கோடு சபினாவின் உள்ளங்கையில் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மாவு பிசைய உட்கார்ந்தாள். அன்றுமுதல் அந்த வீட்டு ரொட்டி எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. வந்தவர்கள் முதலில் தொடத் தயங்கினார்கள். அப்புறம் வெண்ணெய் கேட்டார்கள்.