மேரிசெலின் வாய் திறக்கவில்லை

என் மருமகள் மேரிசெலின் பிள்ளைகளோடு கதைக்கப் படிக்கப் போகிறாள் என்று மகன் வந்து சொன்னபோது, அதற்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளைக் கூப்பிட்டால் வருவார்கள், சொன்னால் கேட்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் அது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். 1986ஆம் ஆண்டு. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் டெனிஷ் பள்ளிக்கூடங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். சில பிள்ளைகள் வகுப்பில் டெனிஷும் பேசாமல் தமிழும் பேசாமல் இருந்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களுக்குப் பிடிபடவில்லை. அதனால் கொம்யூன், அதாவது நகரசபை, ஒரு வகுப்புத் தொடங்கியது. டெனிஷ் தெரிந்த தமிழர் சிலரை எடுத்து, பிள்ளைகளோடும் குமர்ப் பருவத்தாரோடும் இருந்து அவர்களுடைய கஷ்டங்களைக் கேட்கப் பழக்குவது நோக்கம். படிப்பித்தவ கிர்ஸ்டன் என்ற பெண். பின்னல் ஊசியும் கையுமாகத்தான் பாடம் நடத்துவாவாம்.

படிப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை. புதன்கிழமைகளில் பள்ளிக்கூடத்துச் சின்ன அறை ஒன்றில் அந்தப் பிள்ளையோடு இருக்க வேண்டும். வசந்தகாலம் வரைக்கும் அது நடந்தால், யார் தகுதியானவர் என்று கிர்ஸ்டன் முடிவு சொல்லுவா. தகுதியானவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே வேலை. மேரிசெலின் அப்போது திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஊரில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. தையல் வேலையால் வந்தும் சாப்பிடாமல் பாடப் புத்தகத்தை விரிப்பதைக் கண்டு நானே விளங்கிக்கொண்டேன்.

வீட்டில் என்னை வைத்துப் பழகினாள்.

"மாமா, இப்ப நீங்க பதினாலு வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் போக விருப்பமில்லை."

"எனக்கு எப்பவும் விருப்பம் இருந்தது."

"சும்மா நினைச்சுக்கொள்ளுங்கோவன்."

"சரி. போக விருப்பமில்லை."

அவள் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியுமில்லை. நேரே முன்னால் இருக்காமல் கதிரையைக் கொஞ்சம் சரித்துப் போட்டிருந்தாள். நானும் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில், "கணக்கு வாத்தியார் பிரம்போட வாசலிலேயே நிப்பார்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவேயில்லை. மகன் குசினிக்குள் நின்று சிரித்தான்.

"பாத்தீங்களே மாமா, சும்மா இருந்தால் தானா வரும்" என்றாள் மேரிசெலின்.

அவளுக்குக் கிடைத்த பிள்ளை யசிந்தா, பஸ்தியாம்பிள்ளையின் மகள். பஸ்தியாம்பிள்ளை மன்னார்ப் பக்கத்து ஆள், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. யாருடைய பிள்ளை யாரிடம் போகிறது என்பது எங்கள் சனம் முழுவதுக்கும் தெரியும், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. முதல் நாள் மேரிசெலின், எங்கள் வழக்கப்படி, அப்பாவின் பெயர் என்ன, எந்த ஊர், எந்தப் பங்குக் கோயில், அம்மா யாருடைய மகள் என்று ஒழுங்காக விசாரித்திருக்கிறாள். பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டு இருந்ததாம். மூலையில் இருந்து பின்னிக்கொண்டிருந்த கிர்ஸ்டன் பிறகு சொன்னாவாம்: "குடும்பத்தில் எல்லோரையும் பற்றிக் கேட்டாய், அவளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை."

"ஆற்ர பிள்ளை எண்டு தெரியாமல் எப்பிடிக் கதைக்கிறது?" என்று நான் மருமகளுக்காகக் கோபப்பட்டேன்.

"இல்லை மாமா. அதைக் கேட்டவுடனை, நான் தகப்பன்ர ஆள் எண்டு பிள்ளை நினைச்சுப்போட்டுது. அடுத்த கிழமை நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

அப்படியே செய்தாள் போலிருக்கிறது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பஸ்தியாம்பிள்ளை என்னை மேலங்கிகள் கொழுவியிருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, என்ர பெட்டை உங்கட மருமகளோட என்ன கதைக்கிறவள்?"

"எனக்குத் தெரியாது."

"கேட்டுச் சொல்லுங்கோவன். அந்த அறையால வரேக்க சிரிச்சுக்கொண்டு வாறாள். வீட்டில சிரிக்கிறேல்லை."

"சிரிச்சால் நல்லதுதானே."

"என்னத்துக்குச் சிரிக்கிறாள் எண்டு தெரிய வேணுமெல்லோ. வீட்டுக் கதை வெளியில போனால் இந்தச் சனத்துக்க நான் எப்பிடித் தலை நிமிர்ந்து திரியிறது? நீங்க கேட்டுச் சொல்லாட்டி இனிப் புதன்கிழமையில பெட்டையை விடமாட்டன்."

பதினான்கு வயதுப் பெண்பிள்ளை, காரணம் தெரியாத சிரிப்பு, தகப்பனுக்குப் பயம். ஒரு டெனிஷ்ப் பொடியன் என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஒரு குடும்பத்தின் மானம் கெடுவதற்கு முன் இன்னொரு குடும்பத்துப் பெரியவன் எச்சரிக்கை செய்வது கடமை. ஒரு வீட்டுக்குப் பெரியவன் கொடுக்கும் வாக்கு அந்த வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்பதும் எங்கள் வழக்கம்.

"என்ர வீட்டில எனக்குத் தெரியாமல் ஒண்டும் நடக்கிறேல்லை" என்றேன். "வாற ஞாயிறு சொல்லுறன்."

வீட்டுக்கு வந்ததும் மேரிசெலினைக் கேட்டேன். அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அது சொல்லேலாது மாமா."

"நான் பிறத்தியானே?"

"இல்லை. ஆரெண்டாலும் சொல்லேலாது. பிள்ளைக்கு ஏதும் ஆபத்தெண்டால் மட்டும் கிர்ஸ்டனிட்டைச் சொல்ல வேணும். அப்பிடி ஒண்டுமில்லை. மற்றதெல்லாம் எனக்கும் அவளுக்கும் இடையில எண்டு வாக்குக் குடுத்திருக்கிறன்."

"நான் பஸ்தியாம்பிள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"என்னைக் கேட்டோ குடுத்தனீங்கள்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். லீக்ஸ் வெட்டுவதையும் நிறுத்தவில்லை. என் வீட்டில் என்னிடம் எவரும் அதுவரை கேட்டிராத கேள்வி அது. அதன் பிறகு அவளோடு நான் கதைக்கவில்லை. அவள் நேரம் தவறாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

கதைக்காமல் இருந்து பலனில்லை என்று கண்டு வழியை மாற்றினேன்.

"நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன். பிழையெண்டால் தலையை ஆட்டு. ஒரு பொடியனோ?"

அவள் தலையை இப்படியும் ஆட்டவில்லை, அப்படியும் ஆட்டவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. அவளுடைய பாடத்தையே எடுத்தேன். கதிரையைச் சற்றுச் சரித்துப் போட்டு, கைகளை மடியில் வைத்து, ஒன்றும் கேட்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பின்னலை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். கிர்ஸ்டனைப் பார்த்து அதையும் பழகியிருந்தாள். வேலையால் வந்த மகன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"ஊரில ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லையப்பா" என்று புருசனிடம் சொன்னாள் மேரிசெலின். "மாமா எனக்குக் கவுன்சிலிங் செய்யிறார். ஆனால் மாமா, இந்த விளையாட்டை நான் கிர்ஸ்டனோடயே விளையாடிப் பாத்திட்டன். அவவே கடைசியில எழும்பிப் போயிட்டா."

மகன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை, என் பூசைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளைக்கு அவர் பிள்ளையை மறிச்சால் மறிக்கட்டும் மாமா. எனக்கு இனி வேற பிள்ளை தரமாட்டினம், பாதியில வந்திட்டுது. நான் திரையே தைக்கிறன். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது வெளியில வராது."

அழவில்லை. சட்டைக் கழுத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அயன் பண்ணினாள்.

மறுநாள் கண்ணாடிக்கு முன் நின்று கழுத்துப்பட்டி கட்டும்போது அதையே யோசித்தேன். கச்சேரியில் காணி வழக்குக் கடதாசிக் கோவைகளெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். பெரிய பெரிய ஆட்கள் வீடு தேடி வந்து, கோவையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். என் சொந்தத் தம்பி கேட்டிருக்கிறான். ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஊரில் இருந்த மரியாதையில் பாதி அதனால் வந்தது. இப்போது அதே காரியத்தை என் வீட்டில் ஒருத்தி செய்கிறாள், அவளை உடைக்க நான் ஒரு கிழமையாகப் பாடுபடுகிறேன். கழுத்துப்பட்டியை அவிழ்த்துத் திரும்பவும் கட்ட வேண்டியிருந்தது.

பூசை முடிந்ததும் பஸ்தியாம்பிள்ளை மேலங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"கேட்டீங்களே அண்ணை?"

"கேட்டனான். சொல்லமாட்டாள்."

"உங்களுக்குமோ?"

"எனக்கும் சொல்லேல்லை, புருசனுக்கும் சொல்லேல்லை. எங்கட வீட்டில ஒருத்தரை நம்பிச் சொன்னது இன்னொருத்தரிட்டைப் போகாது. போன கிழமை உமக்குச் சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்கிறன். அதுக்கு நீர் என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லும். ஆனால் பிள்ளையை மறிக்காதையும்."

சண்டைக்கு வருவார் என்று நிமிர்ந்து நின்றேன். பஸ்தியாம்பிள்ளையோ அங்குமிங்கும் பார்த்துவிட்டு என் கிட்ட வந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு இளக்கம்.

"அப்ப உங்களுக்கு ஒண்டுமே தெரியாது?"

"ஒண்டும் தெரியாது."

"ஒரு வீட்டுக்குள்ளையே இருந்துமோ? ஒரு சாடை மாடையாக்கூட இல்லையோ?"

"இல்லை எண்டு சொல்லுறன்."

"அப்ப பெட்டை அதைச் சொல்லியிருந்தாலும் அது அங்கேயே கிடக்கும்."

"எதை?"

அவர் ஒரு மேலங்கியின் கைக்குள் முகத்தை வைத்தவர் போலக் குனிந்து சொன்னார்: "என்ர மூலவியாதியை."

இதை நான் எழுதக் கூடாதுதான். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து சுகமான பிறகு பஸ்தியாம்பிள்ளையே இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார். 'எழுதுங்கோ அண்ணை' என்று அவர் வாயால் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

விசயம் இதுதான். அவருக்கு டெனிஷ் வராது. மனைவிக்கும் வராது. டொக்டரிடம் போகும்போதெல்லாம் மகளைக் கூட்டிக்கொண்டு போய், எங்கே நோகிறது, எப்போது நோகிறது, இரத்தம் போகிறதா என்பதையெல்லாம் அந்தப் பிள்ளையைக் கொண்டு சொல்லுவித்திருக்கிறார். வெளியில் வந்ததும், 'இதை ஆருக்கும் சொன்னாய் எண்டால் தெரியும்' என்று வெருட்டியுமிருக்கிறார்.

"அவள் சொல்லியிருப்பாளோ அண்ணை?"

"எனக்குத் தெரியாது எண்டு இப்பதானே சொன்னனான். நீர் ஏன் பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறீர்?"

"ஆம்பிளையள் ஆரையும் கூட்டிக்கொண்டு போனால் பின்னேரமே வேலை செய்யிற பக்ரறி முழுக்கக் கதை போயிடும்."

"டொக்டருக்கு இங்கிலீஸ் தெரியுமோ?"

"தெரியும்போலை."

"அப்ப அடுத்த முறை நான் வாறன். பிள்ளை வரத் தேவையில்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "உங்கட வீட்டு ஆக்களெண்டால் பரவாயில்லை" என்றார்.

செவ்வாய்க்கிழமை கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் போனேன். ஆங்கிலத்தில் எத்தனையோ அறிக்கைகள் எழுதியவன்தான், ஆனால் இந்த விடயத்தில் அரசாங்கம் என்னிடம் ஒருபோதும் அறிக்கை கேட்டதில்லை. நண்பருக்கு உட்காருவது சம்பந்தமாகச் சில அசௌகரியங்கள் உள்ளன என்று தொடங்கினேன். டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நேரடியாகவே கேட்டார்.

"என்னவாம் அண்ணை?"

"எல்லாத்தையும் கேக்கிறார். சொல்லும்."

சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். பிறகு அவரைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சுவரில் மாடுகளின் படம் போட்ட நாட்காட்டி ஒன்று தொங்கியது. கறுப்பு வெள்ளை மாடுகள். அந்தப் பிள்ளை இந்த மாடுகளை எத்தனை தரம் பார்த்திருக்கும் என்று நினைத்தேன். கட்டிலில் இருந்து, "அண்ணை, குளிருது எண்டு சொல்லுங்கோ" என்று குரல் வந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் பஸ்தியாம்பிள்ளை உற்சாகமாக நின்றார்.

"பெட்டைக்கு இண்டைக்கே சொல்லுறன், இனி வர வேண்டாம் எண்டு."

"சொல்லும். வேற ஒண்டும் கேளாதையும்."

"நான் ஏன் கேக்கிறன். புதன்கிழமையில என்ன கதைக்கிறவள் எண்டு மட்டும்..."

"பஸ்தியாம்பிள்ளை."

"சரி அண்ணை, சரி."

அடுத்த நாள் யசிந்தா வந்தாள், அதற்கடுத்த புதன்கிழமைகளிலும் வந்தாள். வசந்தத்தில் வகுப்பு முடிந்தபோது, குடும்பத்தவர்களையும் அழைத்துக் கேக்கும் கோப்பியும் கொடுத்தார்கள். தகுதியானவர்களின் பெயர்களில் மேரிசெலின் பெயரைத்தான் கிர்ஸ்டன் முதலில் வாசித்தா. பிறகு பின்னலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்து, உங்கள் மருமகள் இந்த வேலையில் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டா.

மேரிசெலின் என்னைப் பார்த்தாள். நான் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"எனக்கு எதுவும் தெரியாது" என்றேன். "அவள் எங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை."

கிர்ஸ்டன் பின்னலை மேசையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினா.